சாய்தளத்தில் தொடங்கிய சவாரி

ரோலர் கோஸ்டர் ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்த கருவி அன்று. சாய்தளம், சக்கரமும் அச்சும், கப்பி, நெம்புகோல், ஆப்பு என எளிய இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து உருவானது. எந்த இயந்திரம் எந்தத் தேவைக்காக உள்ளே வந்தது என்பதை அதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அதனால்தான் எளிய இயந்திரங்களைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யவைப்பதைவிட, இந்த வரலாற்றின் வரிசையிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மேல்.

ரஷ்யாவில், குறிப்பாகப் பீட்டர்ஸ்பர்க் பகுதியில், 18-ஆம் நூற்றாண்டில் பனிச்சறுக்கு மேடைகள் பெரும் கேளிக்கையாக இருந்தன. குளிர்காலம் வந்ததும் உயரமாக மரச்சாரம் கட்டி, சரிவின் மேல் தண்ணீர் ஊற்றி உறையவிடுவார்கள். சில மேடைகள் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. பின்புறப் படிகளில் ஏறிச்சென்று, சறுக்குப் பலகையில் உட்கார்ந்து இறங்க வேண்டும். அங்கே இருந்த இயந்திரம் சாய்தளம் ஒன்றே. உராய்வைக் குறைக்கும் வேலையைப் பனிக்கட்டி பார்த்துக்கொண்டது. கோடையிலும் சறுக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது சக்கரம் தேவைப்பட்டது. பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக ஓரானியன்பாமில் எழுப்பப்பட்ட சறுக்கு மாளிகையில் சக்கர வண்டிகள் ஓடின.

1817-இல் பாரிஸின் பெல்வில் பகுதியில் 'ரஷ்ய மலைகள்' என்ற பெயரில் ஒரு சவாரி திறக்கப்பட்டது. வண்டியின் அச்சு முனைகள் பக்கச் சட்டங்களில் இருந்த காடிக்குள் பொருந்தியிருந்ததால், வேகத்தில் வண்டி தடத்தை விட்டு எகிறவில்லை. ஆனால் மேலே ஏற்றும் வேலை இன்னும் தீராத சிக்கலாகவே இருந்தது.

அந்தச் சிக்கலுக்கு விடை கேளிக்கைப் பூங்காவில் கிடைக்கவில்லை; ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சம்மிட் ஹில் என்ற மலையூரிலிருந்து ஆற்றங்கரை ஊரான மாக் சங்க் வரை, ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு 1827-இல் ஓர் இருப்புப்பாதை போடப்பட்டது. நிலக்கரி ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே சுமார் அரை மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். வெற்று வண்டிகளை மேலே இழுத்துவரக் கோவேறு கழுதைகளுக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது தனி வண்டியில் ஏறி, தீனி தின்றபடி பயணம் செய்தன.

1840-களின் நடுவில் கழுதைகளின் இடத்துக்கு நீராவி வந்தது. மவுண்ட் பிஸ்கா என்ற குன்றின் உச்சியில் எந்திரத்தை நிலையாக நிறுத்தி, அது சுழற்றும் பெரிய உருளையில் இரும்புப் பட்டை சுற்றிக்கொள்ளும்படி செய்தார்கள். பட்டையின் மறுமுனையில் இருந்த தள்ளுவண்டி, வெற்று வண்டிகளைப் பின்னாலிருந்து உந்தி ஏற்றியது. அந்தச் சரிவின் நீளம் 2,322 அடி, உயரம் 664 அடி. நீளத்தை உயரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 வருகிறது. உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நேராகத் தூக்கத் தேவைப்படும் விசையில் மூன்றரையில் ஒரு பங்கு போதும். ஆனால் மூன்றரை மடங்கு தூரம் இழுத்தாக வேண்டும். விசையில் கிடைக்கும் லாபத்துக்குத் தூரத்தில் விலை கொடுக்க வேண்டும் என்று 1600 வாக்கில் கலிலியோ எழுதிய விதி இதுதான். சாய்தளம், கப்பி, சக்கரமும் அச்சும் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பட்டை அறுந்தால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. அதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட சட்டம் பதிக்கப்பட்டது. ஒவ்வொரு பல்லும் ஒருபுறம் சரிந்தும் மறுபுறம் செங்குத்தாகவும் இருக்கும். ஆப்பின் வடிவம் அது. தள்ளுவண்டியில் இருந்த இரும்பு நாக்கு, ஏறும்போது சரிவில் வழுக்கி அடுத்த பல்லுக்குத் தாவும். பின்வாங்கினால் செங்குத்துப் பக்கத்தில் மாட்டி நின்றுவிடும். கீலில் ஆடும் அந்த நாக்கு ஒரு சிறு நெம்புகோல். சங்கிலி இழுத்தேற்றும் ரோலர் கோஸ்டரில் முதல் மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டக், டக்' ஒலி இந்த அமைப்பின் ஒலிதான். 1872-க்குப் பிறகு நிலக்கரி வேறு வழியில் சென்றது; பழைய மாக் சங்க் பாதையோ 1930-கள் வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது.

1884-இல் லாமார்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் தொடங்கிய சவாரி 5 சென்ட் கட்டணத்தில், மணிக்கு 10 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் ஓடியது. பயணிகள் கோபுரத்தில் படியேறித்தான் வண்டியில் அமர வேண்டும். அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பிலிப் ஹிங்கிள், பயணிகளோடு சேர்த்து வண்டியை எந்திரத்தால் மேலே ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். பின்னர் ஜான் மில்லர், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் பற்றிக்கொள்ளும் சக்கரங்களுக்கு 1919-இல் காப்புரிமை பெற்றார். செங்குத்தான சரிவுகள் அதன்பிறகே துணிச்சலாகக் கட்டப்பட்டன. நெம்புகோலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மெல்போர்ன் லூனா பூங்காவில் 1912-இல் தொடங்கிய சவாரியைப் பார்க்கலாம்: பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒருவர் பிரேக் நெம்புகோலைக் கையால் இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்.

முழு வளையம் நெடுநாள் தொல்லை கொடுத்தது. 1895-இல் கோனி தீவில் கட்டப்பட்ட ஃபிளிப் ஃபிளாப் சவாரியின் வளையம் சரியான வட்டம். உச்சியில் விழாமல் வட்டத்தைச் சுற்றிவரும் வேகம் இருந்தால், அடியில் உடல் தன் எடையைப் போல் குறைந்தது 6 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதுவும் நேர்ப்பாதையிலிருந்து வளையத்துக்குள் நுழைந்த அதே நொடியில். பயணிகளின் கழுத்து வலித்ததில் வியப்பில்லை. 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைத்த வளையம் அடியில் அகலமாகத் தொடங்கி, உச்சியை நெருங்க நெருங்கக் குறுகியது. வளைவு படிப்படியாக இறுகியதால் அழுத்தமும் தாங்கும் அளவுக்குள் நின்றது.

வகுப்பறையில் இந்த வரலாற்றைச் செய்துபார்க்கப் பெரிய செலவில்லை. வளையக்கூடிய குழாயை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால் தடம் தயார், கோலிக்குண்டுதான் வண்டி. முதலில் வெறும் சரிவு, அடுத்து மேடு, கடைசியில் வளையம் என்று போகலாம். இரண்டாவது மேடு முதல் மேட்டைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். வழுக்காமல் உருளும் குண்டு 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தைச் சுற்றிவர, உராய்வு இழப்பே இல்லை என்றாலும் சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும். கையில் உள்ள குழாயில் அது போதாது. எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பது குழாய்க்குக் குழாய் மாறும். ஆசிரியர்கள் இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடாமல், மாணவர்கள் அளந்து எழுதிய பிறகு கரும்பலகையில் எழுதுவது நல்லது.