தாவரச் சேகரிப்பு, காலனிக் காலத் தமிழகத்தில்

காலனிக் காலத்தில் தமிழகக் கரையிலும் காடுகளிலும் செடிகளைப் பறித்து, உலர்த்தி, கப்பலேற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பும் பணியைப் பெரும்பாலும் மருத்துவர்களும் மதபோதகர்களுமே செய்தனர். செடியைக் கண்டெடுப்பவர் இங்கே இருந்தார். அதற்குப் பெயர் சூட்டி அச்சேற்றியவர் பெரும்பாலும் இந்தியாவையே பார்க்காதவர்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் அறுவை மருத்துவர் சாமுவேல் பிரவுன் 1690களில் இவ்வாறு அனுப்பிய செடிகளை, லண்டன் மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் பெட்டிவர் தமிழ்ப் பெயர்களோடு ராயல் கழகத்தின் இதழில் விவரித்தார். 1718இல் பெட்டிவர் இறந்தபின் அவரது தொகுப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். அது இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்துறையில் முதன்மையானவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் (1728–1785). சுவீடனில் லின்னேயசிடம் பயின்ற இவர், 1768இல் தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக வந்தார். மிஷன் தந்த சம்பளம் பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காட்டு நவாபிடமும், 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனிக்காக சயாம், மலாக்கா வரை சென்றார். கண்டெடுத்தவற்றை லின்னேயசுக்கும், லுண்ட் நகரப் பேராசிரியர் ரெட்சியசுக்கும், லண்டனில் ஜோசப் பேங்க்சுக்கும் அனுப்பினார். காக்கிநாடா அருகே இறக்கும் தறுவாயில் கையெழுத்துப் பிரதிகளையும் பேங்க்சுக்கே எழுதி வைத்தார்.

1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு இவர் பெயரால் பெர்ஜெரா கோனிகி என்று பெயரிட்டார். தமிழ்நாட்டுக் கொல்லைகளில் காலங்காலமாக நின்ற மரம் அறிவியலுக்குப் 'புதிய' இனமானது இப்படித்தான்.

வேலை எளிதானதல்ல. தாளிடையே அழுத்திய மாதிரிகளை மழைக்கால ஈரமும் கரையானும் அழித்தன. தப்பியவை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதம் கடலில் கிடந்தன. பதில் கடிதம் வர ஓராண்டுக்கு மேலாவது வழக்கம். கோனிக்கிடம் இக்கலையைக் கற்ற தரங்கம்பாடி போதகர்களில் ராட்லர் குறிப்பிடத்தக்கவர். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவரும் இவரே. இவரது உலர்தாவரங்கள் பின்னர் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன.

1819இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், காடுமேடெல்லாம் தாம் நடப்பதோடு நிற்காமல், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களையும் சேகரிப்புக்கு அனுப்பினார். 1831இல் விடுப்பில் ஊர் திரும்பியபோது அவரிடம் ஏறத்தாழ ஒரு லட்சம் மாதிரிகள் இருந்தன. கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கர் வழியாக இவருடைய செடிகளும் ஓவியங்களும் ஐரோப்பாவில் பரவின. 1838க்கும் 1853க்கும் இடையே வெளிவந்த அவரது படநூலில் 2,101 படங்கள் உண்டு. மூலச் சித்திரங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். கோவிந்து பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயா என்று பெயரிட்டார்; பிற்கால வகைப்பாட்டில் அது டிரோபிடியாவுக்குள் அடங்கிவிட்டது. மாதிரிகளை நேரில் பறித்து வந்தவர்களுக்கோ அந்த அளவும் கிட்டவில்லை. அவர்களில் மிகப் பலரின் பெயரே பதிவாகவில்லை.

ஓர் இனத்தின் பெயர் அதன் மூலமாதிரியை, அதாவது பெயரிடும்போது அடிப்படையாகக் கொண்ட மாதிரியைச் சார்ந்தே நிற்கும். தமிழகத் தாவரங்கள் பலவற்றின் மூலமாதிரிகள் இன்றும் லண்டன், கியூ, லுண்ட், கோப்பன்ஹேகன் தொகுப்புகளில் இருப்பதால், ஐயம் எழும்போது தமிழகத் தாவரவியலாளர் அங்கே போக வேண்டியிருந்தது. இப்போது பலவற்றின் படங்களை இணையத்தில் பார்க்கலாம்.