தேய்ந்ததா, உடைந்ததா?
பழுதுக் காப்புறுதி வழக்குகளின் வரலாறு

ஓடிக்கொண்டிருந்த கார் நடுவழியில் நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்த்து, உள்ளேயுள்ள பேரிங் சிதைந்துவிட்டது என்கிறார். காரின் சொந்தக்காரர் பழுதுக் காப்புறுதி எடுத்தவர். கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டியவர். செலவைக் கேட்டு எழுதுகிறார். 'இது பழுதன்று, தேய்மானம். எங்கள் பத்திரத்தில் தேய்மானத்துக்கு இடமில்லை' என்று கம்பெனியிலிருந்து விடை வருகிறது.

இந்த வாதம் காரோடு பிறந்ததன்று. நீராவிக் கொதிகலன் காலத்தில் முளைவிட்டு, கப்பலில் வளர்ந்து, பின்னரே சாலைக்கு வந்தது. அதன் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இவ்வழக்குகளின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை; மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வியிலேயே இருக்கிறது.

காப்புறுதி என்பது நேரலாம், நேராமலும் போகலாம் என்ற நிலையிலுள்ள கேட்டுக்கே உரியது. நிச்சயமாக நேர்வதற்குக் காப்புறுதி இல்லை. இயந்திரம் தேய்வது நிச்சயம். அது என்று, எவ்விடத்தில் முறியும் என்பது எவர்க்கும் தெரியாது. ஒரே பேரிங்கில் இவ்விரண்டும் குடியிருக்கின்றன. எல்லைக்கோடு எங்கே என்று கேட்டால் பொறியியலாளரே தயங்குவர்.

கொதிகலன் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஆலைகளில் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. 1850-களின் நடுவில், பொறியியலறிஞர் வில்லியம் பேர்பேர்ன் முதலியோர் முயற்சியால், வெடிப்பைத் தடுப்பதற்கென்றே மான்செஸ்டர் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் வேலை பரிசோதனை. சில ஆண்டுகளில், 1858-இல், அதே நகரில் கொதிகலன் காப்புறுதிக் கம்பெனி ஒன்றும் எழுந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1866-இல் அமைந்த கம்பெனி, 'ஹார்ட்போர்டு நீராவிக் கொதிகலன் பரிசோதனை, காப்புறுதிக் கம்பெனி' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. பெயரிலேயே பரிசோதனை முன்னும் காப்புறுதி பின்னும் நிற்பதைக் காண்க.

இம்முறையில் ஒரு நேர்மை இருந்தது. கம்பெனியின் ஆளே கொதிகலனைத் தட்டிப் பார்த்து, தகடு மெலிந்திருந்தால் மாற்றச் சொல்வார். தேய்மானத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பொறுப்பு கம்பெனியுடையதாயிற்று. பிற்காலத்தில் காருக்குப் பழுதுக் காப்புறுதி விற்றவர்களிற் பலர் வண்டியைப் பாராமலே பத்திரம் கொடுத்தனர். வண்டி நின்றபின்னரே பரிசோதகரை அனுப்பினர். பரிசோதனை முன்னிருந்து பின்னுக்குச் சென்றதும் வழக்கு பெருகிற்று.

'இஞ்ச்மரீ' கப்பல்

1884-ஆம் ஆண்டில் 'இஞ்ச்மரீ' என்னும் நீராவிக் கப்பல் டயமண்ட் தீவுக்கு அருகே நங்கூரமிட்டு நின்றது. துணை இயந்திரம் ஒன்று கொதிகலன்களுக்குள் நீரை இறைத்துக்கொண்டிருந்தது. திறந்திருக்கவேண்டிய ஓர் அடைப்பிதழ் மூடியிருந்தது. நீர் செல்ல வழியின்றிப் பம்பின் காற்றறைக்குள் புகுந்து அதைப் பிளந்துவிட்டது. இது தேய்மானத்தால் வந்ததன்று என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

அந்நாளைய கப்பல் காப்புறுதிப் பத்திரம், கடலால் விளையும் கேடுகளையும் அவைபோன்ற பிற கேடுகளையும் ஏற்பதாகக் கூறிற்று. கீழ் மன்றங்கள் கப்பல்காரர் பக்கம் தீர்ப்பளித்தன. 1880-இல் கொதிகலன் வெடித்த மற்றொரு கப்பலுக்கு அவ்வாறே ஈடு கிடைத்திருந்தது. ஆயினும் 1887-இல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. இதே பம்பு தரையில் இருந்திருந்தாலும் இவ்வாறே பிளந்திருக்கும்; ஆகவே இது கடலின் கேடன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் நோக்கில் அது நுட்பமான முடிவே. வணிகர் நோக்கிலோ பெரிய ஓட்டையாயிற்று. நீராவி யுகத்தில் இயந்திரத்துக்குக் காப்பில்லையென்றால் காப்புறுதியால் என்ன பயன்? கப்பல்காரர்கள் முறையிட்டனர், கம்பெனிகள் இறங்கிவந்தன. கொதிகலன் வெடித்தல், தண்டு முறிதல், வெளியே தெரியாத உட்குறை, மாலுமிகளின் கவனக்குறைவு ஆகியவற்றால் விளையும் சேதத்தை ஏற்கும் புதிய விதி பத்திரங்களில் இடம்பெற்றது. தோற்ற கப்பலின் பெயரே அதற்கு நிலைத்து, இன்றும் அது 'இஞ்ச்மரீ விதி' எனப்படுகிறது.

அத்துடன் சண்டை ஓய்ந்ததா? இல்லை. உட்குறையுள்ள உறுப்பையே மாற்றும் செலவு யாருடையது என்ற வினா எழுந்தது. 1911-இல் ஹட்சின்ஸ் வழக்கில், கப்பலின் பின்சட்டத்தில் வார்ப்பின்போதே மறைந்திருந்த குறை நாளடைவில் வெளிப்பட்டது. குறையால் பிற உறுப்புக்கு நேர்ந்த சேதத்துக்கே ஈடு உண்டு. குறையுள்ள உறுப்புக்கு இல்லை என்று மன்றம் கூறிற்று. விளைவுக்கு ஈடு, காரணத்துக்கு இல்லை. இன்றைய கார்ப் பத்திரங்களிற் பல இதைத் தலைகீழாக்கி, பட்டியலிலுள்ள உறுப்புக்கு மட்டும் ஈடு தந்து, அதனால் கெட்ட பிறவற்றைக் கைவிடுகின்றன. எவ்வழியாயினும் ஒரு பாதி சொந்தக்காரர் தலையில் விழுகிறது.

ஒரு சொல் நிற்கும் இடம்

1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடற்காப்புறுதிச் சட்டம் பழைய தீர்ப்புகளைத் தொகுத்து வைத்தது. பத்திரம் வேறு விதமாகக் கூறாதவரை, சாதாரணத் தேய்மானத்துக்கும் பொருளின் இயல்பான குறைக்கும் கம்பெனி பொறுப்பன்று என அதன் 55-ஆம் பிரிவு விதிக்கிறது. நிலத்து இயந்திரப் பத்திரங்களிலும் இதே கருத்து வேரூன்றியது.

ஈண்டு ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். காப்புறுதிச் சட்டத்தின் பொது நெறி இது: நேர்ந்த இழப்பு பத்திரத்தின் எல்லைக்குள் வருவதைக் கேட்பவர் காட்டவேண்டும், விலக்கு ஒன்றைச் சொல்லித் தப்பவிரும்பும் கம்பெனி அந்த விலக்கை மெய்ப்பிக்கவேண்டும். 'தேய்மானம் நீங்கலாக' என்று விலக்குப் பகுதியில் எழுதியிருந்தால், தேய்மானமே காரணம் எனக் காட்டும் சுமை கம்பெனியுடையது. 'பழுது என்பது தேய்மானத்தாலன்றித் திடீரென நேரும் முறிவு' என்று விளக்கப் பகுதியில் எழுதிவிட்டாலோ, சுமை சொந்தக்காரர் தோளுக்கு மாறிவிடுகிறது. சொல் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. பத்திரத்தை எழுதுபவர் இதை அறிவார், கையெழுத்திடுபவர் அறியார்.

காரும் உத்தரவாதமும்

அமெரிக்காவில் கார் பெருகியபோது உற்பத்தியாளர்கள் உத்தரவாதம் கொடுத்தனர். 1950-களில் வழக்கிலிருந்த பொது உத்தரவாதம் 90 நாள் அல்லது 4,000 மைல். எது முன்னோ அது. கெட்ட உறுப்பை வாங்கியவரே கட்டணம் செலுத்தித் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். அது குறையுள்ளது என்று தொழிற்சாலைக்கே மனநிறைவு ஏற்படவேண்டும். வழக்கின் ஒரு தரப்பே நீதிபதியாகவும் அமர்ந்திருந்தது எனலாம்.

1955 மே மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒருவர் மனைவிக்குப் புதிய பிளிமத் கார் வாங்கினார். கைக்கு வந்த பத்தாம் நாள், 468 மைல் ஓடிய நிலையில், மணிக்கு 20 மைல் அளவு வேகத்தில் சென்ற கார் முன்பக்கத்தில் பெருஞ் சத்தத்துடன் கட்டுப்பாடிழந்து சுவரில் மோதியது. முன்பகுதி நொறுங்கியதால் எந்த உறுப்பு முறிந்தது என்று காட்ட இயலவில்லை. உத்தரவாத வாசகமோ ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 'ஹென்னிங்சன் எதிர் புளூம்பீல்டு மோட்டார்ஸ்' என்னும் அவ்வழக்கில் 1960-இல் மாநில உச்ச நீதிமன்றம், எல்லா உற்பத்தியாளரும் ஒரே வாசகத்தைக் கொடுக்கும்போது வாங்குபவருக்குப் பேரம் பேசும் வழியே இல்லை என்று கண்டு, அந்தக் கட்டுப்பாடு செல்லாது எனத் தீர்த்தது. உறுப்பைச் சுட்டிக்காட்ட இயலாமை அக்குடும்பத்துக்குத் தடையாகவில்லை.

கிரைஸ்லர் கம்பெனி 1963-ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு, எஞ்சின் முதலிய இயக்க உறுப்புகளுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் அளித்தது. போட்டியால் காலம் நீண்டது. கூடவே நிபந்தனைகளும் நீண்டன. குறித்தபடி எண்ணெய் மாற்றியதற்கு அத்தாட்சி இல்லையேல் உத்தரவாதம் இல்லை என்ற வழக்கம் பரவியது. புகார்கள் பெருக, 1975-இல் 'மேக்னசன்-மாஸ்' சட்டம் வந்தது. உத்தரவாதம் எளிய மொழியில் இருக்கவேண்டும் என்றும், இன்ன பெயருடைய உறுப்பையோ சேவையையோ விலைகொடுத்து வாங்கினால்தான் செல்லும் எனப் பொதுவாக நிபந்தனையிடலாகாது என்றும் அது விதித்தது.

பணமா, பழுதுபார்ப்பா?

இங்கிலாந்தில் வேறொரு வினா எழுந்தது. பணம் தராமல் பழுதுபார்த்து மட்டும் தருவதாகக் கூறும் ஒப்பந்தம் காப்புறுதி ஆகுமா? ஆகாது என்றால் அதை விற்போர்மீது அரசின் மேற்பார்வை இல்லை. கம்பெனி நொடித்தால் கேட்பாரில்லை. 1904-லேயே நீதிபதி சானல், பணத்துக்கு ஒப்பான வேறு பயனும் காப்புறுதியாகலாம் என்று கூறியிருந்தார். வண்டியோட்டும் உரிமையை இழந்தவருக்கு ஓட்டுநரை அமர்த்தித் தருவதும் காப்புறுதியே என்று 1974-இல் தீர்ப்பாயிற்று. செயற்கைக்கோள் தொலைக்காட்சிக் கருவிகளுக்குப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் விற்றவர்களின் வழக்கில், 2013-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதே நெறியை உறுதிசெய்தது.

2015-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புறுதிச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மற்றொரு படி. எண்ணெய் மாற்றத் தவறியவரின் கார்க் கதவில் மின்மோட்டார் கெட்டால், அத்தவற்றைக் காட்டி ஈட்டை மறுக்க இனி எளிதில் இயலாது. ஆனால் அத்தவறு இந்தக் கேட்டுக்கு வழிசெய்திருக்க முடியாது என்று காட்டும் பொறுப்பு காப்புறுதி எடுத்தவருடையதே. சுமை குறைந்தது, முற்றும் இறங்கவில்லை.

நம் நாடுகளில்

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்கிறது. அப்படியன்று எனில் விற்றவரே காட்டவேண்டும். பழைய கார்களும் இதில் அடங்கும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்துக்கும் உதிரி உறுப்பும் பழுதுபார்ப்பு வசதியும் கிடைப்பதற்கும் உத்தரவாதம் வகுத்து, முறையிட ஒரு நடுவர் மன்றத்தையும் அமைத்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களைப் பற்றிய பகுதியைச் சேர்த்தது. இவை பெரும்பாலும் விற்றவர்மீது செல்பவை. தனியே வாங்கிய பழுதுக் காப்புறுதியில் பத்திரத்தின் வாசகமே இன்னும் முதல் ஆயுதம்.

ஆகவே, பத்திரம் வாங்குவோர் எத்தனை உறுப்புக்குக் காப்பு என்று எண்ணிப் பார்ப்பதோடு நில்லாது, 'தேய்மானம்' என்னும் சொல் விளக்கத்தில் நிற்கிறதா, விலக்கில் நிற்கிறதா என்பதையும் நோக்குதல் நன்று. பழுதுபார்த்த சீட்டுகளைப் பேணிவைப்பதும், கழற்றிய உறுப்பைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்குவதும் அறிவுடைமை. இயந்திரத்துக்கு வாயில்லை, அதற்காகப் பேசும் சான்று யார் கையில் இருக்கிறதோ, வழக்கு பெரும்பாலும் அவர் பக்கமே சாய்கிறது.