லூ பு-வுக்கு மூளையாக இருந்தவர்: யார் இந்த சென் கோங்?

‘ரெக்கார்ட் ஆஃப் ரக்னராக்’ அனிமே பார்த்தவர்களுக்கு லூ பு-வைத் தெரிந்திருக்கும். முதல் சண்டையிலேயே இடிக்கடவுள் தோருடன் மோதும் அந்த முரட்டு வீரர் கற்பனைப் பாத்திரம் இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் நிஜமாகவே வாழ்ந்த படைத்தலைவர். ஆனால் அவருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த ஆளைப் பற்றி அனிமே ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் பெயர் சென் கோங்.

அந்த ஆளின் கதைதான் இன்னும் சுவாரஸ்யம்.

லூ பு-வை ஏன் எல்லோரும் பயந்தார்கள்?

சண்டைத் திறமை ஒரு காரணம். இன்னொன்று, அவர் யார் பக்கமும் நிலையாக இருந்ததில்லை. ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த நேரம் அது. 189-ல் தன் மேலதிகாரி டிங் யுவானைக் கொன்றுவிட்டு, தலைநகரைப் பிடித்து வைத்திருந்த டோங் ஜுவோவிடம் சேர்ந்தார். டோங் ஜுவோ அவரை மகன் போல நடத்தினார். 192-ல் அவரையும் கொன்றார். அப்புறம் அடைக்கலம் கொடுக்கவே ஆட்கள் யோசித்தார்கள்.

அப்படிப்பட்டவரிடம் சென் கோங் ஏன் போனார்?

சென் கோங் முதலில் இருந்தது சாவோ சாவோவிடம். பின்னாளில் வட சீனாவையே கையில் வைத்திருந்த அதே சாவோ சாவோதான். 192-ல் யான் மாகாண ஆளுநர் போரில் இறந்தபோது, அங்கிருந்த அதிகாரிகளிடம் பேசி அந்தப் பதவியை சாவோ சாவோவுக்கு வாங்கிக் கொடுத்ததே சென் கோங்தான்.

இரண்டே வருஷத்தில் கதை மாறியது. 194-ல் சாவோ சாவோ பக்கத்து மாகாணத்தின் மீது படையெடுத்துப் போயிருந்தார். அந்த இடைவெளியில் சென் கோங்கும் ஜாங் மியாவ் என்ற அதிகாரியும் சேர்ந்து லூ பு-வை உள்ளே அழைத்து வந்தார்கள். மூன்று ஊர்களைத் தவிர மாகாணம் மொத்தமும் கைமாறியது.

காரணத்தை சென் கோங் எழுதி வைக்கவில்லை. ஆனால் தன்னை விமர்சித்த பியான் ராங் என்ற பிரபல அறிஞரை சாவோ சாவோ கொன்றது, யான் மாகாணத்தின் படித்த வர்க்கத்தை நடுங்க வைத்திருந்தது. அடுத்து நாமா என்ற பயம் சென் கோங்குக்கும் வந்திருக்கும் என்பதுதான் பொதுவான விளக்கம்.

நாவலில் வேற மாதிரி வருமே?

ஆமாம். 14-ம் நூற்றாண்டில் லுவோ குவான்சோங் எழுதியதாகச் சொல்லப்படும் மூன்று ராஜ்ஜியங்கள் நாவலில், தப்பி ஓடும் சாவோ சாவோவைப் பிடித்து, மனமிரங்கி விடுவிக்கும் அதிகாரியாக சென் கோங் வருவார். பிறகு ஒரு அப்பாவிக் குடும்பத்தை சாவோ சாவோ வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு விலகுவார். பெய்ஜிங் ஓபராவிலும் இந்தக் காட்சி பிரபலம். ஆனால் சாவோ சாவோவை விடுவித்தது சென் கோங் என்று வரலாற்றுக் குறிப்புகள் சொல்லவில்லை.

லூ பு அவரை நம்பினாரா?

முழுசாக இல்லை. 195-ல் சாவோ சாவோ யான் மாகாணத்தை மீட்டுவிட, லூ பு கிழக்கே ஓடி, லியூ பெய் என்ற தலைவரிடம் அடைக்கலம் கேட்டார். அடுத்த வருஷமே லியூ பெய் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய ஷியாபி கோட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அதே 196-ல் ஹாவ் மெங் என்ற தளபதி ராத்திரியில் லூ பு-வையே தாக்கினார். கலகம் அடங்கியதும் நடந்த விசாரணையில், சென் கோங்குக்கும் இதில் பங்கு உண்டு என்று ஒருவர் சொன்னார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சென் கோங்கின் முகம் சிவந்துவிட்டதாம். மூத்த தளபதி என்பதால் லூ பு அதைக் கிளறவில்லை. பழைய நூல் ஒன்றிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்ட குறிப்பு இது. உண்மையென்றால், சென் கோங்கை ‘விசுவாசி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

ஷியாபியில் என்ன நடந்தது?

198-ல் சாவோ சாவோ நேரடியாகப் படையுடன் வந்தார். தூரத்திலிருந்து களைத்து வரும் படையை உடனே அடிக்கலாம் என்றார் சென் கோங். கிட்டே வரட்டும், ஆற்றில் தள்ளிவிடலாம் என்றார் லூ பு. மோதிய சண்டைகளில் லூ பு தோற்றார்.

அடுத்து லூ பு சரணடைய நினைத்தார். சென் கோங் தடுத்தார். சாவோ சாவோவுக்குத் துரோகம் செய்தவர் என்பதால், சரணடைந்தால் தன் நிலை என்னவாகும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகுதான் அவருடைய முக்கியமான திட்டம். லூ பு ஒரு படையுடன் கோட்டைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். சென் கோங்கும் தளபதி காவ் ஷுன்னும் உள்ளே காக்க வேண்டும். சாவோ சாவோ ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் அடி விழும். சாப்பாடு தீர்ந்ததும் எதிரி தானாகவே திரும்பிப் போவான்.

லூ பு முதலில் சம்மதித்தார். கலைத்தது அவர் மனைவி. சென் கோங்கும் காவ் ஷுன்னும் ஒத்துப்போக மாட்டார்கள் என்றார். அதைவிட, சாவோ சாவோ அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டும் சென் கோங் விட்டுவிட்டு வந்தவர்தானே, நீங்கள் அவருக்கு அதைவிட என்ன செய்துவிட்டீர்கள் என்று கேட்டார். லூ பு கிளம்பவில்லை.

பல கதைகளில் அந்தப் பெண்மணி மேல்தான் பழி விழுகிறது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஹாவ் மெங் விவகாரத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, ‘கோட்டையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போங்கள்’ என்று அதே ஆள் சொன்னால் நீங்கள் போவீர்களா? மற்றபடி திட்டம் நல்ல திட்டம்தான்.

சாவோ சாவோவும் ஒரு கட்டத்தில் திரும்பிப் போகத்தான் நினைத்தார். அவருடைய ஆலோசகர்கள் விடவில்லை. சென் கோங் புத்திசாலி, ஆனால் முடிவெடுக்கத் தாமதிப்பவர், அவர் யோசித்து முடிப்பதற்குள் அடிக்க வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு. யீ, சீ என்ற இரண்டு ஆறுகளின் தண்ணீரைக் கோட்டைக்குள் திருப்பிவிட்டார்கள். சுமார் மூன்று மாத முற்றுகைக்குப் பின் லூ பு-வின் சொந்தத் தளபதிகளே சென் கோங்கைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் எதிரியிடம் ஒப்படைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் லூ பு-வும் சரணடைந்தார்.

கடைசி நாள்

லூ பு உயிருக்குப் பேரம் பேசினார். உங்கள் குதிரைப்படையை நான் நடத்துகிறேன் என்றார். சாவோ சாவோ யோசித்தார். பக்கத்தில் இருந்த லியூ பெய், டிங் யுவானுக்கும் டோங் ஜுவோவுக்கும் நடந்ததை ஞாபகப்படுத்தினார். அத்துடன் லூ பு கதை முடிந்தது.

சென் கோங்கிடம் சாவோ சாவோ கேட்டது வேறு. அவ்வளவு புத்தி இருந்தும் ஏன் இந்த நிலைமை என்று சீண்டினார். சென் கோங் லூ பு-வைக் காட்டி, இவர் என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றார். வயதான அம்மாவையும் மகளையும் நினைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, அவர்கள் வாழ்வதும் சாவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று பதில் சொன்னார். உயிர்ப்பிச்சை கேட்கவில்லை. தானாகவே எழுந்து தண்டனைக்கு நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. சாவோ சாவோ அழுதார் என்கின்றன குறிப்புகள்.

அந்த அம்மாவைக் கடைசிவரை சாவோ சாவோதான் பார்த்துக்கொண்டார். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான்.