வட்டு

வட்டம், வட்டில் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். உருண்டையானதும் வட்டு, தட்டையாக வட்டமாய் இருப்பதும் வட்டு. ‘டிஸ்க்’குக்குத் தமிழ் தேடியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் சிக்கியிருக்காது: 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வன்வட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் சுழன்றன.

சொல் பழையது. 401-ஆம் குறளிலேயே அரங்கின்றி ஆடும் வட்டாட்டம் வருகிறது. அதற்குக் கட்டம் கீறிய களத்தின் பெயர் அரங்கு. உரையாசிரியர் பரிமேலழகர் வட்டாட்டத்தை உருண்டை உருட்டும் ஆட்டமாகக் கொள்கிறார். எனக்கென்னவோ சேலத்துத் தெருவில் பாண்டி ஆடும் பிள்ளைகள் எறிகிற சில்லுதான் நினைவுக்கு வரும். அங்கேயும் கோடு கிழிக்காமல் ஆட்டம் கிடையாது.

மெயின்பிரேம் லினக்ஸிலும் அப்படியே. வட்டை வடிவமைப்பதுதான் (‘ஃபார்மேட்’ செய்வதுதான்) அரங்கு கீறுவது. ஐபிஎம்மின் 3390 வகை வட்டின் அளவைச் சிலிண்டர் கணக்கில் சொல்வார்கள். சிலிண்டருக்கு 15 தடம். இன்று உள்ளே எதுவும் சுழலாவிட்டாலும் அந்தக் கணக்கு போகவில்லை. 3,339 சிலிண்டரை 10,017 ஆக்கிய பிறகும் ‘இடமில்லை’ என்றே வருகிறதா? நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கேளுங்கள்: நீளமான சேஸிஸ் மேல் பழைய பாடியை ஏற்றினால் சரக்கு பழைய அளவுதான் பிடிக்கும். வட்டும் அப்படித்தான்: கூடுதல் பகுதிக்கு மட்டும் கோடு கீறி, பார்ட்டிஷனை நீட்டி, கடைசியாகக் கோப்பு முறைமையை விரிக்க வேண்டும். அவசரத்தில் முழு வட்டையும் வடிவமைத்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.