திராவகம் வரைந்த போர்ச் சித்திரங்கள்

போர்வீரனின் மார்புக் கவசத்திற் பூவும் கொடியும் பொறித்த ஜெர்மானியக் கைவினைஞரே திராவகத்தைச் சித்திரத் தொழிலுக்குப் பழக்கியவர்கள். இரும்பின்மேல் மெழுகு பூசி, அதனை ஊசியாற் கீறி, கீறிய இடத்தைத் திராவகம் அரிக்க விடுதல் அவர்தம் முறை. ஆக்ஸ்பேர்க் நகரத்து டானியேல் ஹோப்பர், 1500ஆம் ஆண்டை அண்டி, அம்முறையாலே தாளிற் படம் அச்சிட்டார். பேரோவியர் டூரரும் 1515க்கும் 1518க்கும் இடையில் இரும்புத் தகட்டில் ஆறு படங்கள் செய்து, பின்னர் அவ்வழியைக் கைவிட்டார். இரும்பு துருப்பிடிக்கும், கோடும் முரடாக விழும். ஆகவே பின்வந்தோர் செம்பை நாடினர்.

செம்பிலும் ஓர் ஆபத்து இருந்தது. மெழுகு சற்றே பெயர்ந்தாற் போதும். திராவகம் வேண்டாத இடத்திற் புகுந்து பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். இதற்கு மாற்றுக் கண்டவர் ஜாக் கலோ. லொரேன் நாட்டு நான்சி நகரில் 1592இற் பிறந்து, புளோரன்சிலே மெடிச்சி குடும்பத்தின் ஆதரவிற் பணியாற்றியவர். யாழ் போன்றதொரு நரம்புக் கருவியைச் செய்வோர் பூசிய கடின வார்னிசை அவர் தகட்டுக்குப் பூசினார். அது உதிராது. மேலும், சாய்த்து வைத்த தகட்டின்மேல் திராவகத்தை மீண்டும் மீண்டும் ஊற்றுவர். தொலைவிலுள்ள மலையும் மரமும் மெல்லிய கோட்டளவில் நிற்கவேண்டின், அவ்விடத்தைக் கொழுப்பும் எண்ணெயும் கலந்த பூச்சால் மூடிவிட்டு, எஞ்சியதை மேலும் அரிக்க விடுவர். அருகிலுள்ளது கறுத்தும், தூரத்திலுள்ளது மங்கியும் தோன்றுவது இந்தப் பொறுமையின் பயனேயன்றி ஊசியின் பயனன்று.

முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. 1633இல் பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயியின் படை நான்சியைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் கலோவின் 'போரின் பெருந்துயரங்கள்' என்னும் பதினெட்டுப் படங்கள் பாரிசில் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளமும் இல்லை. படைவீரர் குடியானவரின் வீட்டைக் கொள்ளையிடுவது ஒரு படம். குடியானவர் அப்படைவீரரைப் பழிவாங்குவது பிறிதொரு படம். அவற்றுள் யாவரும் அறிந்தது, தண்டனை பெற்ற வீரர்கள் பெருமரமொன்றிற் காய்களைப்போலத் தொங்கும் காட்சி. ஏணியில் நின்று ஒரு குரு சிலுவையை நீட்டுகிறார். மரத்தடியிலோ இருவர் முரசின்மேற் பகடை உருட்டுகின்றனர்! கூடி நிற்கும் படை, ஈட்டிகள் நாணற்காடுபோல மங்கித் தோன்றத் தூரத்தே மறைகின்றது.

வென்ற மன்னர் நான்சி முற்றுகையைப் படமாக்கக் கேட்டபோது கலோ மறுத்துவிட்டார் எனப் பின்னாளிற் சொல்லப்பட்டது. அவர் 1635இற் காலமானார். அவரது செய்முறையைப் பாரிசின் ஆபிரகாம் பொஸ் 1645இல் நூலாக எழுதி வெளியிட்டார். வினாகிரியும் நவச்சாரமும் உப்பும் செப்புக் களிம்பும் சேர்த்துக் காய்ச்சும் திராவகத்தின் பக்குவம் அதிலே விரிவாகக் காணப்படுகின்றது.