காலாண்டு லீவுல கொலுவுக்கு ஒரு காகிதக் கூழ் கிளி: குட்டீஸோடு செய்வது எப்படி?

காலாண்டு லீவும் நவராத்திரியும் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். கொலு பொம்மைக்குப் பேர் போன காஞ்சிபுரத்தில் காகிதக் கூழிலும் பொம்மை செய்வது வழக்கம். பக்கத்து ஏனாத்தூரோ வேறு ஊரோ, பழைய பேப்பர் இருந்தால் வீட்டிலேயே சின்னதாகச் செய்யலாம்.

பேப்பரைக் கிழிக்கும் வேலை குழந்தைகளுக்கு. கத்தரிக்கோல் வேண்டாம் என்பதால் 3 வயசுக் குழந்தையும் சேர்ந்துக்கலாம். ஒரு நாள் ஊறவைத்து, கையாலேயே பிசைந்து தண்ணீரைப் பிழியுங்கள். (மிக்ஸியில் போடாதீங்க, அச்சு மை சாப்பாட்டில் சேரும்.) பெரியவர்கள் மைதா பசை காய்ச்சி, ஆறியதும் சப்பாத்தி மாவு பதத்துக்குச் சேர்க்கணும். அந்தக் காலத்தில் வெந்தயத்தை ஊறவைத்து காகிதத்தோடு அரைத்துக் கூடை செய்வார்கள். அதுவும் நன்றாகவே ஒட்டும்.

பூச்சி அரிக்காமல் இருக்க பசையில் மயில் துத்தம் கலப்பவர்கள் உண்டு. அது விஷம். எதையும் வாயில் வைக்கும் வயசுக் குழந்தை இருக்கும் வீட்டில் அது கூடவே கூடாது.

கிளியை உள்ளங்கை அளவில் வைத்தால் போதும். தடிமனாக இருந்தால் நடுவில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் 2, 3 நாள் காய்ந்த பிறகு வாட்டர் கலர் அடிக்கலாம். மழை என்றால் ஃபேனுக்கு அடியில் வைத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருங்கள்.