கையறுநிலையும் துதிப்பாடலும்

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரின்மீது சப்பானிய வானூர்திகள் குண்டு மழை பொழிந்தன. போர் இன்னதென்று அறியாத மக்கள் வீதிகளில் திரண்டு வானை அண்ணாந்து நோக்கி வேடிக்கை பார்த்திருந்த வேளையது. எண்ணற்றோர் நின்ற இடத்திலேயே மாண்டனர். சில நாள்களில் ஆங்கிலேயர் தம்மினத்தாரைக் கப்பலேற்றி அகன்றனர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கைவிடப்பட்டனர். இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்து, 1818இல் நிறைவுற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அப்போரில் சிதைவுற்றது. உள்ளிருந்த பொருள்கள் கொள்ளைபோயின. 1948இல் செப்பனிடப்பட்ட பின்னரே அங்கு மீண்டும் வழிபாடு நிகழ்ந்தது.

காப்பவர் என்று நம்பப்பட்டவர் ஓடிப்போனபின், எஞ்சியோர் உள்ளத்தில் எழும் நிலைக்குத் தமிழ் இலக்கணத்தார் அன்றே பெயரிட்டனர். கையறுநிலை என்பது அது. செய்வதற்கு ஒன்றுமில்லை, பற்றுவதற்கு ஒரு கையுமில்லை என்னும் நிலை. புறநானூற்றுப் புலவர் தம் வள்ளல் மாண்டபோது அத்துறையில் பாடினர். எனினும் அவர் பாட்டு இறந்தவனின் புகழையே பாடிற்று என்பதை மாணவர் கருதிப் பார்த்தல் நன்று. அழுகையும் புகழ்ச்சியும் ஒரே பாவில் அமைவது தமிழுக்குப் புதிதன்று. கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பட்டபோதும் நாவுக்கரசர் இறைவன் நாமத்தைப் பாடினார் என்பது சைவர் போற்றும் வரலாறு.

கிறித்தவ மறையிலும் இத்தகைய பாடல்கள் உள. திருவிவிலியத்தின் சங்கீத நூலில் 22ஆம் பாடல், கடவுள் தம்மைக் கைவிட்டாரே என்னும் ஓலத்தோடு தொடங்குகின்றது; நடுவே திரும்பி, சபை நடுவில் அவரைத் துதிப்பேன் என்னும் உறுதியாக மாறுகின்றது. பவுலும் சீலாவும் பிலிப்பி நகரச் சிறையில், அடியுண்ட உடலோடும் தொழுவில் மாட்டப்பட்ட கால்களோடும் நள்ளிரவில் பாடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். துயரம் தீர்ந்தபின் பாடிய பாட்டன்று அது. துயரத்தை மறைத்துவிட்டுப் பாடுதலையே துதி என்று கருதுவாரும் உளர். அவர்கள் அந்த 22ஆம் பாடலின் முற்பாதியைப் படியாது பிற்பாதியை மட்டும் படித்தவராதல் வேண்டும்.

இனி, இத்துதியைத் தமிழர் தம் இசையிலேயே பாடும் உரிமை எளிதிற் கிட்டியதன்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய காலந்தொட்டு, செருமானிய மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளே ஆலயங்களில் ஒலித்தன. அவற்றோடு நம் இராகமும் தாளமும் தழுவிய பாடல்களை வளர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்ட்சு பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, அவரிடம் பயின்றவர். பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரும் அதே ஆசானிடம் பயின்றவரே. குற்றாலக் குறவஞ்சி பாடிய மண்ணில் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் அவர்.

சுவார்ட்சின் காலத்துக்குப்பின் வந்த புதிய மிஷனெரிமார்க்கு இப்பாடல்கள் பிடிக்கவில்லை. தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தினின்று விலக்க முற்பட்டனர். விழாவிலும் இறுதிச் சடங்கிலும் மலர் சூடுவதையும் தடுத்தனர். சாதி வேறுபாடின்றி யாவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பருகவேண்டும் என்றும் வற்புறுத்தினர். சாஸ்திரியார் இவை அனைத்தையும் எதிர்த்து நின்றார். இங்கே வரலாறு நமக்கு வசதியாக அமையவில்லை. சாதி பற்றிய வழக்கில் நீதி மிஷனெரிமார் பக்கமே இருந்தது. அதனை எதிர்த்த சாஸ்திரியார் பிழைபட்டார் என்றே சொல்லுதல் வேண்டும். பாட்டைப் பற்றிய வழக்கிலோ பிழை அவர்களுடையது. ஒரு மனிதரிடத்தில் ஒரே வேளையில் இரண்டும் இருந்தன.

1829இல் அவர் தம் பணியை இழந்தார். அகவை ஐம்பத்தைந்து. வாழ்நாளெல்லாம் எச்சபைக்காகப் பாடினாரோ அச்சபையே அவரைப் புறந்தள்ளியது. சமயத்தால் வேறுபட்டவராயினும் ஒருசாலை மாணாக்கராகிய சரபோசி மன்னர் அவருக்கு ஆதரவளித்தார். அம்மன்னரும் 1832இல் மறைந்தார். சாஸ்திரியாரோ பாடுவதை நிறுத்தினாரல்லர். 1864இல் மறையும்வரை பாடினார். அவர் கண்ணெதிரிலேயே ஒரு திருப்பம் நிகழ்ந்தது: 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பார், ஆலய வழிபாட்டுக்கெனத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார், சாஸ்திரியார் பாடல்கள் பல அதனுள் இடம்பெற்றன. விலக்கப்பட்ட பாட்டு, பணியிழந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் வழிபாட்டு நூலாயிற்று.

அவருக்கு அடுத்த தலைமுறையினர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமைக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட மூலநூலே சிறையோடு தொடர்புடையது. ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர், அரசின் அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவாற்றிய குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டு சிறையில் கிடந்தவர். 1678இல் அவருடைய மோட்ச பயண நூல் வெளிவந்தது. அதில் வழிதவறிய பயணிகள் இருவர், நம்பிக்கையின்மை என்னும் அரக்கனிடம் சிக்கி, ஐயக்கோட்டையில் அடைபடுகின்றனர். அரக்கன் அவர்களை அடிக்கின்றான். அதனினும் கொடிது அவன் கூறும் அறிவுரை: இனி உய்வில்லை, உங்கள் உயிரை நீங்களே மாய்த்துக்கொள்ளுங்கள் என்கின்றான். மனச்சோர்வின் குரலை இவ்வளவு துல்லியமாகக் கேட்ட எழுத்தாளர் சிலரே. புதன்கிழமை அடைபட்டோர் சனிக்கிழமை நள்ளிரவில் வேண்டத் தொடங்குகின்றனர். விடியற்போதில் ஒருவனுக்கு, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் நெஞ்சிலேயே முன்னர் இருந்தது நினைவுக்கு வருகின்றது. கோட்டைக் கதவு திறக்கின்றது.

கிருஷ்ணபிள்ளை இக்கதையை மொழிபெயர்த்தாரல்லர். கம்பன் காட்டிய காப்பிய நெறியில் ஐந்து பருவங்களாக, 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எனப் புதிதாய் ஆக்கினார். 1894இல் நூல் வெளிவந்தது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் உள்ளமுருகும் துதிப்பாடல்களை அமைத்தார். பயணி நடக்கின்றான், நின்று பாடுகின்றான், மறுபடி நடக்கின்றான். ஆழ்வார் பாசுரங்களில் வளர்ந்த செவிக்கே இது தோன்றும்.

நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பலேறியோரில் கிறித்தவரும் இருந்தனர். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். கரைசேருமுன் தொழிலாளர் ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடைக் காவலில் நாள்களைக் கழிக்கவேண்டியிருந்தது. ஊரும் உறவும் கடலுக்கப்பால். முன்னிருப்பதோ கண்டறியாத தோட்டம். மூட்டையில் துணி இருந்தது. பாட்டுக்கு மூட்டை வேண்டியதில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஜார்ஜ் டவுனில் 1857இல் புனித பிரான்சிஸ் சவேரியார் பங்கு ஏற்பட்டது. எனினும் தீவின் தமிழர் பெருந்திரளாய்ச் செல்லும் இடம் கடற்கால்வாய்க்கு அப்பால், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் திருத்தலமே. 1888இல் எழுந்த அதன் பழைய ஆலயம், 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், அப்பகுதி தடைசெய்யப்பட்டதால் மூடப்பட்டது. 1957இல் நகரினுள் வேறோர் ஆலயம் எழுந்தது. ஆயினும் மலையடிவாரத்துப் பழைய ஆலயத்தை மக்கள் மறந்தாரல்லர். காலம் மாறியதும் திரும்பினர். சூலைத் திங்கள் 26ஆம் நாளையொட்டிய விழாவில் பிற சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர். மெழுகுவத்தி ஏந்திய பவனி இரவில் நகர்கின்றது. ஆங்கிலமும் மலாயும் மாண்டரினும் ஒலிக்கும் அவ்வளாகத்தில் தமிழிலும் வழிபாடு நடைபெறுகின்றது.